பூட்டிய அலுவலகத்தில் இருக்கும் கம்ப்யூட்டரை வெளியூரிலிருந்து எழுப்புவது எப்படி?



நம் மடலில் வழக்கமாகக் கல்வி உதவி, மருத்துவ உதவி, பைத்துல்மால் கணக்கு ஆகியவற்றைப் பற்றித்தான் எழுதுவோம். இந்த முறை கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறேன். இதுவும் உதவித்தொகையைப் பற்றிய விஷயம்தான் என்பது படித்து முடிக்கும்போது விளங்கும், இன்ஷா அல்லாஹ்.

சென்ற ஆண்டு என் அண்ணன் மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் இருந்தேன். ஒரு நாள் காலை 11 மணிக்கு நம் மஹல்லாவைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர் போன் செய்தார். அத்தா இல்லாத பிள்ளை. "மாமா, ஸ்காலர்ஷிப் போர்ட்டலை இன்னிக்கு ராத்திரியோட மூடுறாங்க. வருமானச் சான்றிதழும் அத்தாவோட இறப்புச் சான்றிதழும் மறுபடியும் ஏத்தச் சொல்றாங்க. ஒரிஜினல் காலேஜ்ல இருக்கு. நீங்க ஸ்கேன் பண்ணி வச்சிருக்கீங்கல்ல, அனுப்பி விடுங்க மாமா" என்றார்.

ஸ்கேன் நம் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்தது. கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. அலுவலகம் பூட்டியிருந்தது. சாவி என் சட்டைப் பையில் மதுரையில் இருந்தது. அண்ணனைப் பார்த்துக்கொள்ள மாற்றாள் வந்து, நான் பஸ் பிடித்து, ஊர் வந்து சேர்ந்தபோது இரவு 10 மணி. அனுப்பிவிட்டேன். ஆனால் கடைசி நாள் நெரிசலில் போர்ட்டல் திறக்கவே இல்லை. அந்தப் பிள்ளையின் விண்ணப்பம் போய்ச் சேரவில்லை.

அந்த ஆண்டுக் கட்டணத்தை அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. அல்ஹம்துலில்லாஹ், படிப்பு நிற்கவில்லை. ஆனால் அந்தப் பணம் வேறொரு குடும்பத்துக்குப் போயிருக்க வேண்டிய பணம். கையெட்டும் தூரத்தில் கிடைக்கவிருந்த உதவியை என் சட்டைப் பையில் இருந்த ஒரு சாவி தடுத்துவிட்டது என்ற வருத்தம் எனக்குப் பல நாள் இருந்தது.

நாங்கள் செய்த தவறான வைத்தியம்

அந்த வருத்தத்தில், கம்ப்யூட்டரை இரவும் பகலும் அணைக்காமலே விடுவது என்று முடிவு செய்தோம். தூரத்திலிருந்து திறக்க ஒரு மென்பொருளையும் போட்டுக்கொண்டோம். இரண்டு கரண்ட் பில் வந்த பிறகு பொருளாளர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "நாம உட்கார்றது அஸருக்குப் பிறகு நாலு மணி நேரம். மிச்சம் இருபது மணி நேரம் இது யாருக்காக ஓடுது?"

கணக்குப் போட்டுப் பார்த்தோம். சாதாரண மேசைக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது சுமார் 50 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மணி நேரத்துக்கு 1,000 வாட் மணி, அதாவது 1 யூனிட். மாதத்துக்கு 30 யூனிட். இரண்டு மாதப் பில்லில் 60 யூனிட். எவரும் பயன்படுத்தாத நேரத்துக்கு இவ்வளவு. அது நம் கைப்பணம் அல்ல. நீங்கள் ஸதகாவாகக் கொடுத்த பணம். வீண்விரயத்தை மார்க்கம் எப்படிப் பார்க்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது குறை அதைவிடப் பெரியது. ஒரு நாள் மின்விசிறி பழுது பார்க்க வந்தவர் மேசையைத் தட்டியதும் திரை ஒளிர்ந்தது. ஜக்காத் பெறுவோர் பட்டியல் திறந்தபடியே இருந்தது. வறுமையை வெளியில் சொல்லாமல் நம்மிடம் மட்டும் சொன்ன குடும்பங்களின் பெயர்கள் அதில் இருந்தன. அவர் நல்லவர், பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் அமானத்தைக் காக்க வேண்டிய இடத்தில் நாம் தவறிவிட்டோம்.

ஆகவே கம்ப்யூட்டர் அணைந்தே இருக்க வேண்டும். தேவைப்படும்போது மட்டும், வெளியூரில் இருந்தாலும், எழுப்ப முடிய வேண்டும். இதற்கு வழி உண்டா என்று சென்னையில் நெட்வொர்க் வேலை பார்க்கும் நம் ஜமாஅத்துப் பிள்ளை ஒருவரிடம் கேட்டேன். "இருக்கே மாமா, உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கு. யாரும் அதை ஆன் பண்ணலை, அவ்வளவுதான்" என்றார். அதற்கு 'வேக் ஆன் லேன்' என்று பெயர். 'லேன்' என்பது ஒரு வீட்டுக்குள் அல்லது அலுவலகத்துக்குள் கம்ப்யூட்டர், போன், பிரிண்டர் எல்லாவற்றையும் இணைக்கும் உள் வலைப்பின்னல். அந்த வலை வழியாகக் கம்ப்யூட்டரை எழுப்புவதுதான் இது.

ஸஹர் நேரத்துப் பாவாவும் கம்ப்யூட்டரும்

இது எப்படி நடக்கிறது என்பதற்கு நம் ஊர் உதாரணம் ஒன்றே போதும். அலாரமும் செல்போனும் வருவதற்கு முன் ரமளானில் ஸஹர் நேரத்தில் பாவாமார் தாயிரா அடித்துக்கொண்டு தெருத் தெருவாக வருவார்கள். சிலர் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லியே கூப்பிடுவார்கள். சத்தம் தெரு முழுவதும் கேட்கும். ஆனால் தன் பெயர் காதில் விழுந்தவர்தான் திடுக்கிட்டு எழுவார். ஒரு தெருவில் அடித்தது அடுத்த தெருவுக்குக் கேட்காது. அங்கே அவர் போய்த்தான் அடிக்க வேண்டும்.

கம்ப்யூட்டரை 'ஷட்டவுன்' செய்தாலும் அது முழுதாக உயிரற்றுப் போவதில்லை. பின்புறப் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை, உள்ளே இருக்கும் பவர் சப்ளை 5 வோல்ட் அளவிலான சிறு மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதில் நெட்வொர்க் அட்டை மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு விழித்திருக்கும். மற்றதெல்லாம் உறக்கம்.

ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு தனி எண் கொடுக்கப்படுகிறது. அதை 'மேக்' முகவரி என்பார்கள். இரண்டிரண்டு எழுத்தாக ஆறு ஜோடி, மொத்தம் 12 எழுத்து. இதுதான் அந்தக் கம்ப்யூட்டரின் பெயர். எழுப்பும் செய்திக்கு 'மேஜிக் பாக்கெட்' என்று பெயர். அதில் மந்திரம் எதுவும் இல்லை. முதலில் 255 என்ற எண் ஆறு முறை வரும். 'கவனியுங்கள்' என்று தாயிராவில் அடிக்கும் அடி மாதிரி. பிறகு அந்த மேக் முகவரி 16 முறை திரும்பத் திரும்ப வரும். முகவரிக்கு 6 பைட் வீதம் 96, முன்னால் வந்த 6 சேர்த்து மொத்தம் 102 பைட். ஒரு வரி எஸ்எம்எஸ் அளவுதான். இது உள் வலையில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் போகும். தன் பெயர் 16 முறை வருவதைக் கண்ட அட்டை மட்டும், முன்பக்கப் பவர் பொத்தானை அழுத்தியது போல மதர்போர்டுக்குச் சொல்லிவிடும். கம்ப்யூட்டர் எழுந்துவிடும்.

ஒருவர் பெயரை 16 முறை கூப்பிடுவது எதற்கு என்று கேட்கலாம். வலையில் எந்நேரமும் ஆயிரக்கணக்கான செய்திகள் ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஓர் எண் தற்செயலாக ஒருமுறை வந்துவிடலாம். தொடர்ந்து 16 முறை தற்செயலாக வராது. தவறுதலாக எழுந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1990-களின் நடுவில் ஏஎம்டி, ஹெச்பி நிறுவனங்கள் இந்த மேஜிக் பாக்கெட் முறையைக் கொண்டுவந்தன. ஐபிஎம்மும் இன்டெல்லும் சேர்ந்து 'வேக் ஆன் லேன்' என்ற பெயரில் அதைப் பரப்பின. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர் உள்ள பெரிய அலுவலகங்களில் ஊழியர்கள் வீட்டுக்குப் போன பிறகு, இரவில் எல்லாவற்றையும் எழுப்பி, மென்பொருளைப் புதுப்பித்து, மறுபடியும் அணைத்துவிடலாம் என்பது அதன் நோக்கம். இன்று விற்கும் பெரும்பாலான மேசைக் கம்ப்யூட்டர்களில் இந்த வசதி இருக்கிறது.

யாருக்குப் பயன்படும்?

கம்பத்தில் கடையும் குமுளியில் கொள்முதலும் வைத்திருக்கும் ஏலக்காய் வியாபாரிகள் நம்மில் உண்டு. போடியிலும் புற்றடியிலும் ஏலம் நடக்கும் நாளில், கடைக் கம்ப்யூட்டரில் உள்ள பழைய கணக்கு அவசரமாகத் தேவைப்படும். மழைக்காலத்தில் மலைப்பாதை அடைத்துக்கொண்டால் இறங்கி வரவும் முடியாது. இவர்களுக்கு இது பெரிய உதவி.

வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரில் அத்தாவின் கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறு என்றால் அங்கிருந்தே எழுப்பிச் சரிசெய்து கொடுக்கலாம். கோவையிலோ சென்னையிலோ விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்த புராஜெக்ட்டை எடுத்துக்கொள்ளலாம். பத்து, இருபது கம்ப்யூட்டர் உள்ள பள்ளி ஆய்வகத்தில், காலையில் ஒவ்வொன்றாகப் பொத்தான் அழுத்திக்கொண்டு போவதற்குப் பதிலாக ஒரே இடத்திலிருந்து எல்லாவற்றையும் எழுப்பலாம்.

யாருக்குத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து சான்றிதழ் ஸ்கேன் மட்டும்தான் உங்கள் தேவை என்றால், அவற்றை உங்கள் போனிலும் இணையச் சேமிப்பிலும் ஒரு பிரதி வைத்துக்கொண்டாலே போதும். இவ்வளவு மெனக்கெட வேண்டாம். நம் அலுவலகத்தில் பிறருடைய ஆதார் நகல், ஜக்காத் பட்டியல், வரவு செலவுக் கணக்கு ஆகியவை இருப்பதால், அவற்றை வெளியில் எங்கும் வைப்பதில்லை என்று கமிட்டியில் முடிவு செய்தோம். அதனால்தான் நமக்கு இந்த வழி தேவைப்பட்டது.

செய்யும் முறை

ஒரு விடுமுறை நாள் காலையில் உட்கார்ந்தால் முடிந்துவிடும். நான் பி.காம். படித்த காலத்தில் கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. என்னால் முடிந்தது என்றால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளால் தாராளமாக முடியும். படி மாறாமல் செய்யுங்கள்.

1. கம்ப்யூட்டரையும் இன்டர்நெட் பெட்டியையும் (ரவுட்டர்) கேபிளால் இணையுங்கள். வைஃபையிலும் சில கம்ப்யூட்டர்கள் எழும். ஆனால் அதை நம்ப முடியாது; அணைந்த கம்ப்யூட்டரில் வைஃபை இணைப்பு பெரும்பாலும் அறுந்துவிடும். சில மீட்டர் கேபிளுக்கு ஆகும் செலவு பெரிதல்ல.

2. கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் 'டெலீட்' அல்லது 'எஃப்2' விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் 'பயாஸ்' எனப்படும் அடிப்படை அமைப்புத் திரை வரும். அதில் பவர் பற்றிய பகுதிக்குப் போங்கள். 'வேக் ஆன் லேன்', 'ரெஸ்யூம் பை லேன்', 'பவர் ஆன் பை பிசிஐ-இ' இவற்றில் ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். அதை 'எனேபிள்' செய்யுங்கள்.

3. அதே இடத்தில் 'ஈஆர்பி' அல்லது 'டீப் ஸ்லீப்' என்று இருந்தால் அதை 'டிசேபிள்' செய்யுங்கள். பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2010-இலிருந்து, அணைத்து வைத்த கருவி 1 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்றும், 2013-இலிருந்து அரை வாட் என்றும் சட்டம் கொண்டுவந்தது. அதற்காக வந்த வசதி இது. இதை ஆன் செய்தால் நெட்வொர்க் அட்டைக்குப் போகும் சிறு மின்சாரமும் நின்றுவிடும். கூப்பிட்டாலும் கேட்காது.

4. விண்டோஸ் திறந்த பிறகு 'டிவைஸ் மேனேஜர்' போய், 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதன் கீழ் கேபிள் இணைந்த அட்டையின் 'பிராப்பர்ட்டீஸ்' திறங்கள். 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில், இந்தக் கருவி கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதி கொடு என்ற கட்டத்திலும், மேஜிக் பாக்கெட்டுக்கு மட்டும் எழு என்ற கட்டத்திலும் டிக் போடுங்கள். இரண்டாவதை விட்டுவிட்டால் வலையில் ஓடும் வேறு செய்திகளுக்கெல்லாம் நடுநிசியில் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'வேக் ஆன் மேஜிக் பாக்கெட்' என்பதை 'எனேபிள்' செய்யுங்கள்.

5. 'கன்ட்ரோல் பேனல்' போய், 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியில், பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தைத் திறந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 8 முதல் ஷட்டவுன் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் பாதி நினைவைச் சேமித்துக்கொண்டுதான் அணைகிறது. அப்படி அணைந்ததை எழுப்புவதை விண்டோஸ் ஆதரிப்பதில்லை. டிக்கை எடுத்தால் மறுமுறை திறக்கச் சில விநாடி அதிகமாகும், அவ்வளவுதான்.

6. மேக் முகவரியை எழுதி வையுங்கள். 'செட்டிங்ஸ்' போய், நெட்வொர்க் பகுதியில் 'ஈதர்நெட்' திறந்தால் 'பிசிக்கல் அட்ரஸ்' என்று காட்டும். வைஃபைக்கு வேறு முகவரி இருக்கும். கேபிளுக்கு உரியதைத்தான் எடுக்க வேண்டும். பூஜ்யத்தையும் ஆங்கில 'ஓ' எழுத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இதில் 'ஓ' வரவே வராது. எண்களும், ஆங்கில அகரவரிசையின் முதல் ஆறு எழுத்துகளும் மட்டும்தான்.

7. சோதித்துப் பாருங்கள். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்துவிட்டு, பின்னால் கேபிள் செருகிய இடத்தைப் பாருங்கள். சின்ன விளக்கு எரிந்தால் அட்டை விழித்திருக்கிறது. எரியவில்லை என்றால் 3-ஆம் படிக்குத் திரும்புங்கள். பிறகு அதே ரவுட்டரின் வைஃபையில் இருக்கும் போனில் 'வேக் ஆன் லேன்' ஆப் ஒன்றைப் போட்டு, மேக் முகவரியைக் கொடுத்து அழுத்துங்கள். இலவச ஆப்கள் பல உண்டு. உங்கள் தொடர்பு எண்களையோ படங்களையோ பார்க்க அனுமதி கேட்கும் ஆப் வேண்டாம். இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

கம்ப்யூட்டர் 'விர்' என்று சுற்ற ஆரம்பித்த நிமிடத்தில் எங்கள் பொருளாளர் "சுப்ஹானல்லாஹ்" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

லேப்டாப் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. லேப்டாப்பில் சார்ஜர் செருகியிருந்தால்தான் பெரும்பாலும் இது வேலை செய்யும். சிலவற்றில் 'ஸ்லீப்' நிலையிலிருந்து மட்டும் எழும். முழுதாக அணைந்தால் எழாது.

கரண்ட் போனால்?

நம் பகுதியில் இதைப் பேசாமல் விட முடியாது. லோயர் கேம்ப்பில் மின்சாரம் தயாராகிறது என்பதற்காக நம் வீட்டில் கரண்ட் போகாமல் இருப்பதில்லை. கரண்ட் போய் வந்தால் இரண்டு விஷயம் நடக்கும். ரவுட்டர் திரும்ப எழுந்து இணைப்புப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடமாகும். அது பரவாயில்லை. ஆனால் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அட்டை, கூப்பிட்டால் எழ வேண்டும் என்பதையே மறந்துபோகலாம். ஷட்டவுன் ஆகும்போது விண்டோஸ்தான் அட்டையிடம் அதைச் சொல்லிவிட்டுத் தூங்குகிறது. மின்சாரம் முழுதாக அறுந்தால் சில கம்ப்யூட்டர்களில் அந்தச் சொல் அழிந்துவிடும்.

இதற்குப் பயாஸில் மருந்து உண்டு. 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்ற இடத்தில் 'பவர் ஆன்' என்று வையுங்கள். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானாக எழும். அதோடு, அரை மணி நேரம் யாரும் தொடவில்லை என்றால் 'ஸ்லீப்' போக வேண்டும் என்று விண்டோஸில் வைத்துவிட்டால், எழுந்தது தானே தூங்கிவிடும். ஸ்லீப்பிலிருந்து எழுப்புவது இன்னும் எளிது. நாங்கள் இப்படித்தான் வைத்திருக்கிறோம். ரவுட்டர் இன்வெர்ட்டரில் இருப்பது நல்லது. இடி மின்னல் நாளில் மட்டும் யாராவது போய் எல்லாப் பிளக்கையும் உருவிவிட வேண்டும். அன்று இந்த வசதி கிடையாது. கம்ப்யூட்டர் பிழைத்தால் போதும்.

வெளியூரிலிருந்து எழுப்புவது

இதுவரை சொன்னது ஒரே தெருவுக்குள் கூப்பிடுவது. மதுரையில் இருந்துகொண்டு கூப்பிட்டால் சத்தம் நம் அலுவலக ரவுட்டர் வாசலோடு நின்றுவிடும். எல்லோருக்குமான இந்தக் கூப்பாட்டை ஒரு வலையிலிருந்து இன்னொரு வலைக்கு ரவுட்டர்கள் கடத்துவதில்லை. கடத்தினால் உலகம் முழுக்க ஒரே கூச்சலாகிவிடும்.

ரவுட்டரில் ஒரு 'போர்ட்' திறந்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். முதலாவது, இன்று பல இணைப்புகளில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு வெளியே ஒரே முகவரிதான். ஒரு சந்துக்கே ஒரு கதவு எண் கொடுத்தது மாதிரி. வெளியிலிருந்து வருவது உங்கள் வீட்டுக்கு வந்து சேராது. இரண்டாவது, திறந்த வாசலில் நீங்கள் மட்டும் நுழைவதில்லை. குறிப்பாக விண்டோஸின் 'ரிமோட் டெஸ்க்டாப்' வாசலான 3389 எண்ணை இணையத்துக்குத் திறந்து வைத்து, கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டு மீட்புப் பணம் கேட்கப்பட்டவர்கள் உலகம் முழுதும் உண்டு.

சரியான வழி, தெருவுக்குள்ளேயே ஒரு பாவாவை உட்கார வைப்பது. அதாவது, அலுவலகத்துக்குள் எப்போதும் ஆனில் இருக்கும் ஒரு சின்னக் கருவி. நாங்கள் உள்ளங்கை அளவுள்ள 'ராஸ்பெர்ரி பை' போர்டு ஒன்றை வைத்திருக்கிறோம். சில ரவுட்டர்களிலேயே இந்த வசதி இருக்கிறது. அப்படியானால் தனிக் கருவி வேண்டாம். என் போனிலும் அந்தச் சின்னக் கருவியிலும் 'டெயில்ஸ்கேல்' என்ற மென்பொருள் இருக்கிறது. இணையத்தின் நடுவே நமக்கு மட்டுமான மறைவான பாதையை அது போட்டுத் தரும். 'வயர்கார்ட்' முறையில் எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டுப் போவதால் நடுவில் யாரும் படிக்க முடியாது. ரவுட்டரில் வாசலும் திறக்க வேண்டாம்.

நான் எந்த ஊரில் இருந்தாலும் போனில் பொத்தானை அழுத்தினால் அந்தச் சொல் மறைவான பாதை வழியாகச் சின்னக் கருவிக்குப் போகும். அது அலுவலகத்துக்குள் மேஜிக் பாக்கெட்டைக் கூவும். ஒரு நிமிடத்தில் கம்ப்யூட்டர் எழும். பிறகு அதே பாதை வழியாகத் திரையைத் திறந்து வேலையை முடித்துவிட்டு, மறக்காமல் ஷட்டவுன் கொடுத்துவிடுவேன். இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு வந்தால் பழைய கதைதான். இன்னொன்று: விண்டோஸ் 'ஹோம்' பதிப்பில் வெளியிலிருந்து திரையைத் திறக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதி இல்லை, 'புரோ' பதிப்பு வேண்டும், அல்லது 'ரஸ்ட்டெஸ்க்' போன்ற தனி மென்பொருள் வேண்டும்.

இப்போது கணக்கு. சின்னக் கருவி 24 மணி நேரமும் சுமார் 3 வாட். மாதத்துக்கு 2 யூனிட்டுக்குச் சற்று அதிகம். அணைந்த கம்ப்யூட்டர் 2 வாட் எடுத்தாலும், நாளுக்கு 20 மணி நேரம் என்று மாதத்துக்கு 1.2 யூனிட். இரண்டும் சேர்ந்து மூன்றரை யூனிட்டுக்குள். முன்பு வீணானது 30 யூனிட்.

இவ்வளவும் வேண்டாம், தினமும் குறித்த நேரத்தில் எழுந்தால் போதும் என்றால், பயாஸில் 'ஆர்டிசி அலாரம்' என்று ஒன்று உண்டு. காலை 10 மணி என்று வைத்தால் கடிகாரம் பார்த்துத் தானே எழும். சிறு கடைகளுக்கு அதுவே போதும்.

பாதுகாப்பு

மேஜிக் பாக்கெட்டுக்குப் பொதுவாகக் கடவுச்சொல் கிடையாது. மேக் முகவரி தெரிந்தவர் உள் வலையில் இருந்தால் எழுப்பிவிடலாம். எழுப்புவதால் மட்டும் கெடுதி இல்லை. கதவைத் தட்டுவது வேறு, திறப்பது வேறு. ஆனால் கதவுக்குப் பூட்டு இருக்க வேண்டும். எழுந்த கம்ப்யூட்டர் கட்டாயம் கடவுச்சொல் கேட்க வேண்டும். கேட்காமலே திறக்கும்படி வைத்தவர்கள் இன்றே மாற்றுங்கள். நம் அலுவலகத்தில் செயலாளர், பொருளாளர் இருவருக்கு மட்டுமே இந்த வழி தெரியும். யார், எப்போது, எதற்காகத் திறந்தோம் என்று ஒரு நோட்டில் எழுதுகிறோம். கமிட்டி உறுப்பினர் எவரும் கேட்டுப் பார்க்கலாம்.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. 'பேங்க்கிலிருந்து பேசுகிறேன்', 'உங்கள் உதவித்தொகை நின்றுபோகும்' என்று யாராவது போன் செய்து, தூரத்திலிருந்து திரையைப் பார்க்கும் ஆப் ஒன்றைப் போடச் சொன்னால் உடனே துண்டியுங்கள். மென்பொருள் ஒன்றுதான். நாம் வைத்தால் சாவி, திருடன் கையில் கொடுத்தால் அவனுக்கும் அது சாவிதான். குறிப்பாக வீட்டில் இருக்கும் நன்னிமார்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

இந்த ஆண்டு

இந்த ஆண்டும் உதவித்தொகைக் கடைசி வாரத்தில் நான் ஊரில் இல்லை. மகளைப் பார்க்கத் திருச்சிக்குப் போயிருந்தேன். இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு ஒரு தாய் போன் செய்தார்: "அண்ணே, மகனோட சாதிச் சான்றிதழ் தெளிவா இல்லையாம், திருப்பி அனுப்பிட்டாங்க." போனை எடுத்தேன், பொத்தானை அழுத்தினேன். கால் மணி நேரத்தில் தெளிவான பிரதி அவர் போனில் இருந்தது. "அலுவலகத்திலயா அண்ணே இருக்கீங்க, இந்நேரத்துக்கு?" என்று கேட்டார். இல்லையம்மா என்றேன். விளக்கம் சொன்னால் இரவு போதாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

சென்ற ஆண்டு வாய்ப்பை இழந்த அந்தப் பிள்ளையும் இந்த ஆண்டு முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிட்டார். நல்ல முடிவு வர துஆ செய்யுங்கள். எந்தக் கருவி இருந்தாலும் கடைசி நாள்வரை காத்திருக்காமல் இருப்பதே எல்லாவற்றிலும் சிறந்த ஏற்பாடு என்பதை மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் மறுபடியும் நினைவூட்டுகிறேன்.

தங்கள் வீட்டிலோ கடையிலோ இதைச் செய்ய விரும்புவோர் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையே அலுவலகத்துக்கு வாருங்கள். எங்களுக்குத் தெரிந்தவரை சொல்லித் தருகிறோம். கட்டணம் இல்லை. வரும்போது கம்ப்யூட்டர் பயாஸ் திரையைப் போனில் படம் எடுத்து வந்தால் போதும். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

அல்லாஹ் நம் பொருளையும் நேரத்தையும் வீணாகாமல் காத்து, நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானத்துகளைச் சரிவர நிறைவேற்றும் நன்மக்களாக ஆக்குவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்